பர்சனல் லோன்: செட்டில் செய்வதா, தள்ளிப்போடுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மாதம் சம்பளம் வராதவரும், வருமானமே நின்றுபோனவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ‘செட்டில்மென்ட் போட்டுடலாமா?’ வங்கி ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைத் தள்ளுபடி செய்து கடனை முடிப்பதுதான் செட்டில்மென்ட். முதலாமவருக்கு அது தேவையே இல்லை. தவணை கட்டும் வசதி சில மாதங்களில் திரும்பும் என்றால் தவணையைத் தள்ளிவைக்கவோ காலத்தை நீட்டவோ கேட்க வேண்டும். திரும்ப வழியே இல்லை என்றால்தான் செட்டில்மென்ட்.

தள்ளிவைத்தால் வட்டி நிற்கும் என்று நினைப்பது

நிற்காது. 3 லட்சம் ரூபாய், 18% வட்டி, 36 மாதம். தவணை சுமார் 10,846 ரூபாய். தொடக்கத்திலேயே மூன்று மாதம் தள்ளிவைத்து, அந்த வட்டி அசலோடு சேர்ந்தால் பாக்கி சுமார் 3,13,700 ஆகிவிடும். அதே தவணையைத் தொடர்ந்தால் கடைசியில் ஏறக்குறைய 24,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். கடனின் கடைசி மாதங்களில் தள்ளிவைத்தால், அசல் குறைந்திருப்பதால் இந்தச் சுமை மிகவும் குறையும். 2020 கொரோனா கால மொரட்டோரியத்திலும் (தவணைத் தள்ளிவைப்பிலும்) வட்டி ஓடியது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது வட்டிக்கு வட்டியை மட்டும்தான்.

செட்டில்மென்ட் கிடைக்கட்டும் என்று தவணையை நிறுத்துவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ‘மூணு மாசம் கட்டாதீங்க, பேங்க் தானா இறங்கி வரும்’ என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டக்கூடியவர்களும் அதைக் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

பிறகு நடப்பது இது. ஒவ்வொரு மாதமும் கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பும். பவுன்ஸ் கட்டணமும் அபராதமும் சேரும். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். சம்பளக் கணக்கும் அதே வங்கியில் இருந்தால், ஒப்பந்தத்தைக் காட்டி அந்தப் பணத்தைப் பிடித்துவைக்கக்கூடும். ஆட்டோ டெபிட் திரும்பியதற்கு நோட்டீஸ் வந்து 15 நாளில் கட்டாவிட்டால், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டம் 25ஆம் பிரிவின்படி வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

இவ்வளவும் தாங்கிய பிறகும் வங்கி இறங்கி வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருமுறைத் தீர்வை, அதாவது செட்டில்மென்ட்டை, கடன் வாங்கியவர் உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி ஒப்புக்கொண்டாலும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ வராது, ‘செட்டில்டு’ என்றுதான் வரும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது முதலில் கண்ணில் படுவது அந்த வார்த்தைதான். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் சுற்றறிக்கைப்படி, செட்டில் செய்த வங்கியே குறைந்தது 12 மாதம் உங்களுக்குப் புதுக் கடன் தரக் கூடாது.

ஆகவே நிறுத்துவதற்கு முன்பே, முதல் தவணை தவறும் முன், கிளைக்கு எழுத்தில் கேளுங்கள்: காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா? சம்பள ரசீது, வேலை போன கடிதம், மருத்துவமனை பில் என எது உண்டோ அதை இணையுங்கள். வருமானம் நிலையாக இருந்து வட்டிதான் சுமை என்றால், குறைந்த வட்டி நகைக் கடனில் இதை அடைப்பது தள்ளிப்போடுவது, செட்டில்மென்ட் இரண்டையும்விட மேல். நகையை மீட்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும்.

போன் பேச்சை நம்பிப் பணம் போடுவது

வங்கியின் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். கடன் எண், தொகை, கடைசித் தேதி, இதற்குமேல் பாக்கி இல்லை என்ற வரி, இணைக் கடன்தாரர் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்று தவணையில் கட்ட ஒப்புக்கொண்டு கடைசித் தவணையை நான்கு நாள் தாமதித்தாலே, பெரும்பாலான கடிதங்களின்படி செட்டில்மென்ட் ரத்தாகி முழுப் பாக்கியும் திரும்ப வரும்.

வசூல் ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்புவது

கூடவே கூடாது.

மிரட்டலுக்குப் பயந்து ஒப்புக்கொள்வது

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. வங்கியிடம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்.

கட்டியதோடு மறந்துவிடுவது

பாக்கியில்லாச் சான்றிதழ் வாங்குங்கள், கொடுத்த காசோலைகளைத் திரும்பப் பெறுங்கள், ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். பின்னாளில் கையில் பணம் சேர்ந்தால், தள்ளுபடி செய்த தொகையைக் கட்டி ‘க்ளோஸ்டு’ என்று மாற்றித்தர முடியுமா என்று அதே வங்கியிடம் கேட்கலாம். அந்தப் பதிலையும் முதலில் எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.