காட்டுக்குக் கத்தி வாங்கும்போது அளவில் நேரும் தவறுகள்

திருகோணமலை நகரிலிருந்து காடு அதிக தூரத்தில் இல்லை. கன்னியாவைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனாலே பற்றைக்காடு தொடங்கிவிடும். வடக்கே குச்சவெளி, திரியாய் வழியாகப் புல்மோட்டை வரையிலும், தெற்கே சேருவில, வெருகல் பக்கமாக மகாவலி ஆற்றோரம் வரையிலும் உலர்வலயக் காடு விட்டுவிட்டுத் தொடர்கிறது. தேனெடுக்கவும், விறகு பொறுக்கவும், தொலைந்த மாட்டைத் தேடவும் இக்காடுகளுக்குள் காலங்காலமாகப் போய் வருபவர்களின் கையில் கத்தி இல்லாமல் இருந்ததில்லை. இப்போது நடைப்பயணத்துக்கும் கூடாரம் அடித்துத் தங்குவதற்கும் போகும் இளையோர், வழி தவறி ஓரிரு இரவு காட்டில் கழிக்க நேர்ந்தால் உதவும் என்று இணையத்தில் கத்தி தேடுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை அங்குலம் நல்லது?’ என்பதுதான். எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அளவு பற்றிய தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைக்கின்றன.

முதலாவது சிறிய தவறு. ஆனால் பணம் போய்விடும். விளம்பரத்தில் ‘10 அங்குலக் கத்தி’ என்றிருந்தால் அது பெரும்பாலும் பிடியையும் சேர்த்த முழு நீளமாக இருக்கும். பிடிக்கு முன்னால் நீண்டிருக்கும் வெட்டும் தகடான அலகு பெரும்பாலும் 5 அங்குலத்தைத் தாண்டாது. அலகின் நீளத்தைச் சரியாகக் குறித்திருந்தாலும், பிடியை ஒட்டிய அரை அங்குலமோ அதற்கு மேலோ கூரில்லாமல் விடப்பட்டிருக்கலாம். ஆகவே வெட்டும் விளிம்பு எவ்வளவு நீளம் என்பதையும், கையில் பிடிக்கும் பகுதி எவ்வளவு நீளம் என்பதையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு அச்சத்திலிருந்து பிறப்பது. காட்டில் யானையும் கரடியும் உண்டு, எனவே கத்தி பெரிதாக இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. யானைக்கு முன்னால் 5 அங்குலக் கத்திக்கும் 15 அங்குலக் கத்திக்கும் எந்த வேறுபாடும் இல்லை. கரடியின் நகம் எட்டும் தூரத்துக்கு ஒருவர் வந்துவிட்டால், கத்தியை உறையிலிருந்து எடுக்கவே நேரம் போதாது. விலங்குகளிடமிருந்து காப்பது எந்த வேளையில் எந்தப் பாதையில் நடக்கிறோம், எங்கே தங்குகிறோம், எவ்வளவு சத்தம் எழுப்பிச் செல்கிறோம் என்பவையே. கத்தியை ஆயுதமாக எண்ணி அளவைத் தீர்மானிப்பவர், நாள் முழுவதும் அதைக் கருவியாகப் பயன்படுத்த வேண்டியிருப்பதை மறந்துவிடுகிறார்.

அந்த நாளில் கத்தி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் விடை வியப்பாக இருக்கும். கயிறு அறுப்பது, கூடாரத்துக்கு முளை சீவுவது, மீன் கழுவுவது, துணியைக் கீறிக் கட்டுப் போடுவது, காலில் ஏறிய முள்ளைச் சுற்றியுள்ள தோலை மெல்ல விலக்குவது, அடுப்பு மூட்டச் சுள்ளியைச் சீவுவது என்று எல்லாமே விரல் வேலைகள். மாரிமழை பெய்யும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், தரையில் கிடக்கும் சுள்ளியெல்லாம் ஊறிப் போயிருக்கும்போது, நின்ற நிலையில் காய்ந்துபோன ஒரு கொம்பின் ஈரப் பட்டையை நீக்கி, உள்ளிருக்கும் உலர்ந்த பகுதியைச் சுருள் சுருளாகச் சீவி, அச்சுருள்களைக் கொம்பிலிருந்து உதிராமல் விட்டுவிட்டால்தான் தீக்குச்சி அதில் பற்றும். இதைச் செய்யும்போது கையைக் கவனியுங்கள். ஆட்காட்டி விரல் பிடியின் முன்விளிம்பை அணைத்திருக்கிறது. மரத்தில் இறங்குவது பிடியை அடுத்துள்ள முதல் ஓரிரு அங்குலக் கூர்தான். வலு அங்கேதான் கூடுதலாகக் கிடைக்கிறது. 8 அங்குல அலகில் இதே வேலையைச் செய்ய முயன்றால், எஞ்சிய 6 அங்குல இரும்பும் கைக்கு அப்பால் நீட்டிக்கொண்டு மணிக்கட்டை முறுக்கிக்கொண்டிருக்கும். சுருள் சீராக வராமல் பாதியில் அறுந்து விழும். சிறிது நேரத்தில் கை சோர்ந்துவிடும். நுனியைக் கொண்டு துளையிடும் வேலையில் இது இன்னும் மோசம், ஏனெனில் நுனி கையிலிருந்து விலக விலக அதன் மீதான கட்டுப்பாடு குறைகிறது.

இந்த வேலைகளுக்கு 4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் அலகு போதும். உள்ளங்கையின் அகலத்துக்குச் சமமான அலகு என்று பழக்கப்பட்டவர்கள் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய இந்த அளவிலேயே வந்து நிற்கும். சுவீடனின் மோரா நகரப் பெயரில் உலகெங்கும் விற்கப்படும் மலிவான கத்திகளில் பெரும்பாலானவை இந்த நீளத்தவை. அலகின் தடிப்பு 2 முதல் 3 மில்லிமீற்றர்தான். அமெரிக்க விமானிகளுக்கென்று 1950களின் இறுதியில் உருவான உயிர்காப்புக் கத்தி முதலில் 6 அங்குல அலகுடன் வந்து, பின்னர் 5 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. தனித்து விழுந்த விமானிக்கே 5 அங்குலம் போதும் என்று முடிவெடுத்திருக்கும்போது, கன்னியாக் காட்டுக்கு வார இறுதியில் போகிறவர் அதற்கு மேல் ஏன் தேட வேண்டும் என்று கேட்கலாம்.

தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது; அதுவே மூன்றாவது தவறு. நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பகுதி கனடா, பின்லாந்து போன்ற குளிர்நாடுகளின் காடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே ஊசியிலை மரம் மென்மையானது. நேரான நார் கொண்டது. இரவுக் குளிரில் உயிர் பிழைக்க விடியும்வரை எரியும் தீ வேண்டும். ஆகவே அங்கே கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு தடியால் அடித்து, விறகை இரண்டாகப் பிளக்கிறார்கள். பிளக்கப்படும் கட்டையின் விட்டத்தைவிட அலகு நீளமாக இருந்தால்தான் அடிப்பதற்கு நுனி வெளியே தெரியும் என்பதால், நீண்ட, தடித்த கத்தியே நல்லது என்ற அறிவுரை பிறந்தது. அது அவர்களுடைய காட்டுக்குச் சரியான அறிவுரை. திருகோணமலையில் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே நமக்குத் தீ வேண்டியிருப்பது பெரும்பாலும் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும், சமைக்கவும், நனைந்த துணியை உலர்த்தவும்தான். அதற்கு விரல் தடிப்புச் சுள்ளியே போதும். அதைக் கையாலேயே முறிக்கலாம். மேலும் நம் காட்டின் பாலையும் வீரையும் முதிரையும் வைரமேறிய மரங்கள். காய்ந்த பாலைக் கட்டையின் மீது கத்தியை வைத்து அடிப்பவர் மரத்தைப் பிளக்கப் போவதில்லை. அலகின் வாயைத்தான் நெளிக்கப் போகிறார், அல்லது பிடியை ஆட்டி விடப் போகிறார்.

நான்காவது தவறுதான் மிக அதிகமாகப் பணம் செலவழித்துச் செய்யப்படுவது. சிறிய கத்தி வெட்ட உதவாது, பெரிய கத்தி சீவ உதவாது, எனவே இரண்டுக்கும் நடுவே 7 அல்லது 8 அங்குலத்தில் ஒன்றை வாங்கினால் எல்லா வேலையும் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அது. கணக்குக்கு அழகாகத் தோன்றும் இந்த நடுவழி, காட்டில் இரண்டு வேலையையும் அரைகுறையாகவே செய்கிறது. வீசி வெட்டும் கத்தியின் வலு அதன் எடையிலும், அந்த எடை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதிலும், நுனிப் பகுதி எவ்வளவு வேகத்தில் மரத்தைச் சந்திக்கிறது என்பதிலும் தங்கியிருக்கிறது. எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது; வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. அந்த வேகத்தைத் தருவது நீளம். 8 அங்குல அலகில் அந்த நீளம் கிடைப்பதில்லை. அதைத் தடிப்பால் ஈடுசெய்ய 6 மில்லிமீற்றர் இரும்பில் செய்கிறார்கள். அப்போது அது ஆப்பு வடிவம் எடுத்து, மீனைக் கழுவவோ தக்காளியை அரியவோ உதவாத பண்டமாகிவிடுகிறது. இடுப்பில் தொங்கும்போது கம்பீரமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

கத்தியோடு வாழ்ந்த மக்கள் இதைப் பெரும்பாலும் இரண்டு கத்திகளால்தான் தீர்த்திருக்கிறார்கள். நேபாளத்தின் வளைந்த பெரிய கத்தியான குக்ரியின் உறையிலேயே இரண்டு சிறு துணைகள் செருகப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று சிறு வேலைக்கான கத்தி, மற்றது கூர் தீட்டவும் தீப்பொறி எழுப்பவும் உதவும் மழுங்கிய துண்டு. வட ஐரோப்பாவின் சாமி மக்கள், கிளை வெட்ட ஒரு நீண்ட கத்தியும், சீவவும் உண்ணவும் ஒரு குறுங்கத்தியும் வைத்திருப்பார்கள். நம் ஊரிலும் பற்றை வெட்டும் நீண்ட காட்டுக்கத்தியோடு போகிறவரின் மடியில் ஒரு சிறு கத்தி இருப்பது புதிதல்ல.

எனவே எங்கள் காட்டுக்கு என் தெரிவு இதுதான்: எப்போதும் உடலில் இருக்கும் ஒரு 4 அங்குல மடங்காத கத்தி, பாதையில்லாத பற்றைக்குள் போக வேண்டிய தேவை இருந்தால் மட்டும் அதனுடன் ஒரு காட்டுக்கத்தி. இங்கும் ஒரு தவறு காத்திருக்கிறது. நீளம் கூடினால் நல்லது என்று 20 அங்குலத்துக்கும் மேலான அலகை எடுத்துக்கொள்பவர்கள், நம் காடு தென்னமெரிக்க மழைக்காடு அல்ல என்பதை மறக்கிறார்கள். நீண்ட மெல்லிய அலகு பச்சைக் கொடியையும் புல்லையும் அரிவதற்கு உருவானது. இங்கே வழியை மறிப்பவை சூரை, காரை, விடத்தல் போன்ற முட்பற்றைகள். அவற்றுக்கிடையில் கையை முழுதாக வீச இடமே கிடைக்காது, வீசினாலும் கத்தி இன்னொரு கொடியில் மாட்டிக்கொள்ளும். 12 முதல் 15 அங்குல அலகு, நுனிப்பக்கம் சற்று அகன்று எடை முன்சாய்ந்ததாக இருந்தால், குறுகிய வீச்சிலேயே முட்கிளையை அறுத்துவிடும். கொல்லப் பட்டறையில் லொறியின் வில்லுத்தகட்டில் அடித்துச் செய்யும் கத்திகள் பெரும்பாலும் இந்த அளவிலேயே இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. நுனி உள்நோக்கி வளைந்திருந்தால், வெட்டிய முட்கிளையைக் கையால் தொடாமல் இழுத்து அப்பால் போடவும் முடியும்.

நீண்ட கத்திக்கு இன்னொரு விலையும் உண்டு. குந்தியிருந்தபடி ஒரு கொம்பை வெட்டும்போது, கத்தி மரத்தைக் கடந்து வந்தால் அதன் அடுத்த இலக்கு வெட்டுபவரின் முழங்கால் அல்லது கீழ்க்கால். எனவே வெட்டுவதற்கு முன், கத்தி தவறினால் எங்கே போய் நிற்கும் என்று ஒரு முறை மெதுவாக வீசிப் பார்த்துக்கொள்வது வேண்டும். தொடையின் உட்பக்கம் பெரிய நாடி ஓடுவதால், மடியில் வைத்துச் சீவுவது சிறிய கத்தியிலும் ஆபத்தானது. வாகனம் போகாத இடத்திலிருந்து காயப்பட்டவரைத் தூக்கி வர வேண்டியிருக்கும் என்பதைக் கத்தி வாங்கும் கடையிலேயே நினைத்துப் பார்ப்பது நல்லது.

எதிர்ப்பக்கத் தவறைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாவிக்கொத்தில் தொங்கும் 2 அங்குல மடக்குக்கத்தியை மட்டும் நம்பிப் போவதும் சரியல்ல. அலகு குட்டை என்பதைவிட, மடங்கும் மூட்டே அதன் பலவீனம். மணலும் சேறும் புகுந்தால் இறுகும், பக்கவாட்டில் அழுத்தினால் தளரும், பூட்டில்லாத வகை என்றால் விரலின் மீதே மடங்கும்.

அலகை அளப்பவர்கள் பிடியை அளப்பதில்லை. நான்கு விரல்களும் முழுதாக அமர்ந்து, இரு பக்கமும் சிறிது இடம் எஞ்ச வேண்டும். சராசரிக் கைக்கு இது 11 முதல் 12 சென்ரிமீற்றர் வரை வரும். குட்டையான பிடியில் சுண்டுவிரல் வெளியே தொங்கினால் பிடியின் வலு குறைந்துவிடும். பிடி மெலிந்திருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். எங்கள் வெயிலில் வியர்த்த கை அப்படிப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொப்புளம் கட்டும். சிறிய கை உடையவர்கள் பிறருடைய பரிந்துரையை அப்படியே ஏற்காமல், கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்றும் கேளுங்கள். அது பிடியின் முடிவு வரை போகாமல் பாதியில் நின்றால், அந்தக் கத்தியால் வீசி வெட்டக் கூடாது.

அளவு கூடக் கூடப் பராமரிப்பும் கூடும். 15 அங்குலக் கூரைத் தீட்ட உள்ளங்கையளவு சாணைக்கல் போதாது, அரம் வேண்டும். கடற்கரையில் முகாமிடுபவர்களுக்கு உப்புக்காற்று ஒரே இரவில் கரிம எஃகில் துரு படியச் செய்துவிடும். துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டிய பரப்பு பெரிய கத்தியில் அதிகம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் அதிகம் தங்குபவர் சிறிய கத்தியைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குவதே வசதி.

கடைசியாகச் சட்டம். பொது இடங்களில் கத்தி கொண்டு செல்வதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இலங்கையில் பிரித்தானியர் காலத்திலிருந்தே உள்ளது. ஆதலால் நகருக்குள்ளும் பேருந்திலும் கத்தியை இடுப்பில் கட்டித் தொங்கவிடாமல், உறையிலிட்டுச் சுற்றிப் பையின் அடியில் வைக்க வேண்டும். சோதனைச் சாவடியில் கேட்டால் எங்கே, எதற்குப் போகிறீர்கள் என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். சோமாவதி போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் அனுமதியின்றி நுழைவதும், அங்கே ஒரு கிளையைக்கூட வெட்டுவதும் குற்றம். ஒதுக்குக்காடுகளிலும் வெட்டுவதற்குத் தடை உண்டு. அந்த இடங்களுக்குப் போகிறவர் காட்டுக்கத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டு, 4 அங்குலக் கத்தியையும் கொண்டு போகலாமா என்று அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.