நெற்களஞ்சியமும் கல்லணையும்: ஒரு வேன் ஆட்களை ஒரே நாளில் கூட்டிப்போவது எப்படி?

தஞ்சாவூரிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்கிறேன். ஆள் சேர்ப்பது, காசு பிரிப்பதெல்லாம் உங்கள் பாடு. எனக்கு 20 பேர் வேன்தான் பிடிக்கும். பஸ் என்றால் இறங்கும் இடமெல்லாம் தலை எண்ணியே பொழுது போய்விடும்.

1. மாதம்: கல்லணைக்குத் தண்ணீர் அனுப்பும் மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம். இருப்பைப் பொறுத்துத் தேதி தள்ளிப்போகும் என்பதால், செய்தியைப் பார்த்துவிட்டு வேன் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். சம்பா அறுப்பு பார்க்க ஆசையென்றால் தை மாதம் சரி.

2. வரிசை: எல்லோரும் கல்லணையை முதலில் போடுவார்கள். போடாதீர்கள். பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறையில் இருக்கும் நெற்களஞ்சியம் பாலைவனநாதர் கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது. மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகிவிடும். அதுவரை குழந்தைகளை எங்கே வைத்துக்கொள்வது? காலை ஒன்பதரைக்குள் அங்கே இருங்கள். முந்தின நாளே கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

3. களஞ்சியத்தில்: தஞ்சை நாயக்கர் காலத்துச் செங்கல் கட்டடம், 36 அடி உயரம், கூம்பு உச்சி. 3000 கலம் நெல் கொள்ளும். இதை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. வீட்டுப் பரணில் கிடக்கும், நெல் அளக்கும் பழைய மரக்காலும் அரை மூட்டை நெல்லும் எடுத்துப் போங்கள் (கடையில் விற்கும் அலங்கார மரக்கால் வேண்டாம், அளவு சரியிருக்காது). சாக்கை விரித்துப் பிள்ளைகளையே அளக்க விடுங்கள். முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணாமல் "லாபம்" என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் ரெண்டு, மூணு. மரக்காலின் மேல் குவிந்த நெல்லைக் கைகளால் வழிக்கும்போது பெரியவர்களே முந்திக்கொண்டு வருவார்கள். 12 மரக்கால் ஒரு கலம். அப்படியானால் எதிரே நிற்பதில் 36,000 மரக்கால்! கணக்கு அவர்களே போட்டுவிடுவார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் மாறும் என்பதால், ராஜராஜன் பெரிய கோயிலில் நெல் அளக்க "ஆடவல்லான்" என்று பெயரிட்ட மரக்கால் இருந்ததையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

4. மதியம் தஞ்சாவூரில் சாப்பாடு. கல்லணைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெயில் தாழ நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிவதைப் பாலத்தில் நடந்தபடியே காட்டலாம். கால்வாய் மட்டும் 1934 வாக்கில் வந்தது, அதனால்தான் உள்ளூரில் புது ஆறு என்கிறார்கள். படிக்கட்டில் யாரையும் இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம்.

பின்சேர்க்கை: ஒருவர் எழுதியிருந்தார், வேன்காரர் மேப்பில் "பாபநாசம்" என்று போட, அது திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்தைக் காட்டியதாம். "திருப்பாலைத்துறை" என்றே போடுங்கள்.

இன்னொருவர் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்க்கலாமா என்றார். அது 1922 முதல் இருக்கும் நிலையம், பார்க்கவேண்டியதுதான். ஆனால் வேலைநாளில், முன்கூட்டியே கடிதம் கொடுத்து, தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கல்லணை ஒரு கோடி, ஆடுதுறை மறுகோடி.