'சோக்' என்ற ஆங்கிலச் சொல்லை இடமறிந்து தமிழில் எழுதுவது எப்படி?

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களில் பலர், 'சோக்' என்ற சொல்லைக் கண்டதும் 'மூச்சுத் திணறல்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் அந்த ஒரே சொல் தொண்டையில் சிக்கிய நிலக்கடலையையும், கழுத்தை நெரிக்கும் கையையும், துக்கத்தில் எழாத குரலையும், அடைத்துக்கொண்ட சாக்கடையையும், குழல்விளக்கில் உள்ள கம்பிச் சுருளையும், வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தைக் கோட்டைவிட்ட அணியையும் குறிக்கிறது. இவை அனைத்துக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அடைபட்டது எது? அடைத்தது எது? அது தானாக நேர்ந்ததா, ஒருவர் செய்ததா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் தன்வினைக்கும் பிறவினைக்கும் 'சோக்' என்ற ஒரே வடிவம் போதும். தமிழிலோ நெரிந்தது வேறு, நெரித்தான் வேறு. திணறினான் வேறு, திணறடித்தான் வேறு. ஆங்கிலச் செய்தியில் ஒருவர் 'சோக்' ஆகி இறந்தார் என்று மட்டும் இருந்தால், உணவு சிக்கியதா, புகை சூழ்ந்ததா, யாரேனும் கழுத்தை நெரித்தார்களா என்பதை அடுத்த பத்திகளைப் படித்து உறுதி செய்துகொண்ட பிறகே தமிழ் வினைச்சொல்லைத் தொட வேண்டும். விபத்தைக் கொலையாகவும் கொலையை விபத்தாகவும் மாற்றிவிடும் பிழை இந்த இடத்தில்தான் நேர்கிறது.

முதலில் உணவையும் நீரையும் எடுத்துக்கொள்வோம். குடித்த நீரோ விழுங்கிய பருக்கையோ தவறிப்போய் மூச்சுக்குழல் பக்கம் சென்று இருமல் எழுந்தால் அது புரையேறுதல். உடனே தலையைத் தட்டி, 'யாரோ நினைக்கிறார்கள்' என்று சொல்வது நம் வீட்டு வழக்கம். மாவு, அவித்த முட்டையின் மஞ்சள் கரு போன்ற காய்ந்த பண்டம் உணவுக்குழலில் இறங்காமல் நின்றால் அது விக்கிக்கொள்ளுதல். விக்கு என்பது மிகப் பழைய சொல். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடித்தவனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத பெண், 'உண்ணுநீர் விக்கினான்' என்று தாயிடம் சொல்லிச் சமாளிக்கிறாள். தாயும் அதை நம்பி அவன் முதுகை நீவிவிடுகிறாள். இன்று 'விக்கல்' என்றவுடன் பெரும்பாலோர் நினைப்பது உதரவிதானம் துடிப்பதால் எழும் விக்கலையே என்பதால், உணவைப் பற்றி எழுதும்போது 'விக்கிக்கொண்டது' என்று வினையாகவே எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

புரையேறுதலும் விக்கிக்கொள்ளுதலும் பெரும்பாலும் சற்று நேரத்தில் தீர்ந்துபோகும் தொல்லைகள். முதலுதவிக் கையேட்டில் 'சோக்கிங்' என்று வருவது உயிர்போகும் நிலை. உணவோ பொருளோ மூச்சுப்பாதையை முழுவதும் அடைத்துவிட்டால், அவரால் இருமவும் முடியாது, பேசவும் முடியாது. இரண்டு கைகளாலும் தொண்டையைப் பற்றிக்கொள்வார், சத்தமே வராது. 'புரையேறினால் செய்ய வேண்டியவை' என்று தலைப்பிட்ட மொழிபெயர்ப்பு ஒன்றை ஒருமுறை நான் திருத்த நேர்ந்தது. அந்தத் தலைப்பைப் பார்ப்பவர் தலையைத் தட்டிவிட்டுத் தண்ணீர் கொடுப்பார். மூச்சுப்பாதை அடைபட்டவருக்குத் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. 'மூச்சுத் திணறல்' என்று எழுதினாலும் போதாது, ஏனெனில் ஆஸ்துமா நோயாளிக்கும் இதய நோயாளிக்கும் வருவதையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். அதைப் படிப்பவர் உட்காரவைத்து விசிறிக்கொண்டிருப்பார். 'தொண்டையில் சிக்கி மூச்சு அடைத்துக்கொண்டால்' என்று காரணத்தையும் விளைவையும் சேர்த்து எழுதுவதே சரி. நீளமாக இருக்கிறதே என்று யாரேனும் சொன்னால், இந்த ஓரிடத்திலாவது சுருக்கத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கையேட்டின் அடுத்த வரிகளிலும் இதே கவனம் தேவை. இருமிக்கொண்டிருப்பவரைத் தொடர்ந்து இரும விட வேண்டும். இரும முடியாதவரை முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அடிக்க வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால், பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, 5 முறை உள்ளும் மேலுமாக அழுத்தித் தள்ள வேண்டும். இப்படி அழுத்தித் தள்ளுவது, ஹென்ரி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1974-இல் வெளியிட்ட முறை. இதை 'வயிற்றை அமுக்குதல்' என்று மட்டும் பெயர்த்தால் திசை தொலைந்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் அடிப்பதும் மார்பெலும்பின் மேல் அழுத்துவதும்தான் செய்யத் தக்கவை. பொம்மைப் பெட்டிகளில் உள்ள 'சோக்கிங்' எச்சரிக்கையைச் சிலர் 'மூச்சுத்திணறல் அபாயம்' என்று எழுதுகிறார்கள். பொம்மைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று படிக்கும் தாய்க்கு விளங்காது. 'சிறு பாகங்கள் உள்ளன. குழந்தை விழுங்கினால் தொண்டையில் சிக்கும்' என்றால் உடனே விளங்கும்.

கை கழுத்துக்குப் போகும் இடத்தில் 'நெரித்தல்' என்ற சொல்லே உரியது. கயிறோ துணியோ என்றால் 'இறுக்குதல்' பொருந்தும். தலையணை என்றால் 'மூச்சை அடைத்து' அல்லது 'முகத்தில் அழுத்தி' என்று எழுத வேண்டும். 2014-இல் நியூயார்க்கில் எரிக் கார்னர் என்பவர் காவலர் ஒருவரின் பிடியில் இறந்தபோது உலகச் செய்திகளில் அடிபட்ட 'சோக்ஹோல்டு' என்பது, பின்னாலிருந்து கையை வளைத்துக் கழுத்தை இறுக்கும் பிடி. அதை 'மூச்சுத் திணறல் பிடி' என்று எழுதினால் யார் என்ன செய்தார் என்பது மறைந்துவிடும். 'கழுத்தை இறுக்கும் பிடி' என்றால் செயல் கண்முன் நிற்கும். புகையும் நச்சுவாயுவும் சூழ்ந்தால் மூச்சு முட்டும், பிறகு திணறும். 'மூச்சுத் திணறல்' தன் சொந்த வீட்டில் இருப்பது இந்த இடத்தில்தான்.

உணர்ச்சிக்கு வரும்போது ஆங்கிலத்தை விடத் தமிழ் வளமானது. பேசிக்கொண்டிருந்தவர் 'சோக்ட் அப்' ஆனார் என்றால், குரல் தழுதழுத்தது, தொண்டை அடைத்தது, குரல் கம்மியது, நெஞ்சு விம்மியது என்று பல வழிகள் உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல. பேச்சு தொடர்கிறது, ஆனால் நடுங்குகிறது என்றால் தழுதழுத்தது. பேச்சே நின்றுவிட்டது என்றால் துக்கம் தொண்டையை அடைத்தது. கண்ணீரை 'சோக்' செய்தாள் என்பது கண்ணீரை அடக்கிக்கொண்டாள் என்பதே. வசனவரி எழுதுபவர்கள் நடிகரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். நாவலை மொழிபெயர்ப்பவர் அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.

உடலை விட்டு வெளியே வந்தால் வேலை எளிது. குழாயும் சாக்கடையும் அடைத்துக்கொள்கின்றன. வாய்க்கால் மண் சேர்ந்து தூர்ந்துபோகிறது. ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்து மூடுகிறது. பயிரைக் களை அமுக்கிவிடுகிறது. வாகனம் மிகுந்த சாலையில் நெரிசல். கழுத்தை நெரிப்பதும் இந்த நெரிசலும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை என்பதால், ஆங்கில உருவகம் இங்கே இயல்பாகவே தமிழாகிவிடுகிறது. ஹோர்முஸ், மலாக்கா நீரிணைகளைக் குறிக்கும் 'சோக் பாயிண்ட்' என்பதை 'குறுகிய கடல்வழி' என்று எழுதி, அதை மூடினால் கப்பல்கள் தேங்கிவிடும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இயந்திரங்களில் மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. குழல்விளக்கின் சோக், பழைய மோட்டார்சைக்கிளின் சோக் இரண்டும் பட்டறையிலும் கடையிலும் அதே பெயரில்தான் வழங்குகின்றன. காரணத்தை மட்டும் விளக்கலாம்: விளக்கின் சோக் மாறுமின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சுருள், வண்டியின் சோக், கார்புரேட்டருக்குள் செல்லும் காற்றைக் குறைத்து, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகுந்த கலவையைத் தரும் தடுப்பு. இரண்டிலும் ஏதோ ஒன்றின் வழி நெருக்கப்படுகிறது என்பதே பெயரின் பொருத்தம். சென்னைப் பேச்சில் உள்ள 'சோக்கு' வேறு பிறப்புடையது. எழுதும்போது இரண்டும் மயங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட் செய்தியில் வரும் 'சோக்' மூச்சைப் பற்றியதே அல்ல. 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213 ஓட்டங்களில் சமநிலை கண்டன. 4 பந்துகளில் 1 ஓட்டம் மட்டுமே தேவைப்பட்ட நிலையில் தென்னாப்பிரிக்காவின் கடைசி விக்கெட் ரன் அவுட்டில் போயிற்று. முந்தைய சுற்றில் மேலே இருந்த ஆஸ்திரேலியா இறுதிக்குச் சென்றது. தென்னாப்பிரிக்க அணிக்கு 'சோக்கர்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இது போன்ற தோல்விகளே காரணம். 2025 ஜூனில் லார்ட்ஸில் அதே ஆஸ்திரேலியாவை வென்று டெஸ்ட் சாம்பியன் பட்டம் பெற்றபோதும் செய்திகள் அந்தப் பெயரை நினைவுகூர்ந்தன. தமிழில் 'நெருக்கடியில் கோட்டைவிட்டது' என்று எழுதலாம். 'திணறியது' என்றால் பந்துவீச்சை ஆட முடியாமல் தவித்தது என்று பொருளாகும். வெல்ல வேண்டியதை இழந்தது என்ற கருத்து அதில் வராது.

கழுத்தை ஒட்டி அணியும் 'சோக்கர்' அட்டிகையைப் போன்ற நகை. பழைய நகை என்றால் அட்டிகை என்றே எழுதலாம். 'ஆர்ட்டிசோக்' என்ற காய்க்கும் இந்தச் சொல்லுக்கும் பிறப்பில் உறவில்லை. அது அரபியிலிருந்து இத்தாலியம் வழியாக வந்த பெயர். ஒலி ஒத்திருப்பதால், காயின் நடுவில் உள்ள உண்ண முடியாத நார்ப்பகுதியைப் பிற்காலத்தில் ஆங்கிலேயர்கள் 'சோக்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். சமையல் குறிப்பில் 'சோக்கை நீக்கவும்' என்று வந்தால், 'நடுவில் உள்ள நாரைச் சுரண்டி எடுக்கவும்' என்று எழுதுங்கள்.