குடும்பத்தோடு வேனில் பாபநாசம், குற்றாலம்: முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

வேன் பிடித்து, சொந்தக்காரர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போவது திருநெல்வேலிப் பக்கத்தில் புதிதில்லை. ஆனால் நீங்களே பொறுப்பெடுத்து, இரண்டு ராத்திரி தங்கி, சமைத்துச் சாப்பிட்டு வருவது என்றால் எந்தெந்த அருவி என்பதை அப்புறம் பார்க்கலாம். ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? ஆச்சி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தால் எங்கே போவார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

குற்றாலத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் சாரல் அப்போதுதான். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து அடிக்கடி குளிக்கத் தடை போடுவார்கள். பாபநாசம் பக்கத்தில் இருக்கிற அகஸ்தியர் அருவியிலும் மணிமுத்தாறு அருவியிலும் சீசன் இல்லாத மாதங்களிலும் தண்ணீர் விழும்.

2. வண்டி பேசுங்கள்

மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். தெரிந்தவர் என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸில் சிக்கல். பன்னிரண்டு சீட் வேனில் பன்னிரண்டு பேரை ஏற்றாதீர்கள். அடுப்பு, சருவம், ஜமுக்காளம், தண்ணீர்க் கேன் எல்லாம் மடியிலா உட்காரும்? இரண்டு, மூன்று சீட் காலியாக இருக்க வேண்டும். செங்கோட்டை தாண்டி பாலருவி வரை போகிற ஆசை இருந்தால் கேரளாவுக்குள் நுழைய பெர்மிட் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். டிரைவர் பேட்டாவையும் அப்போதே பேசிவிடுங்கள்.

3. தங்கும் இடம்

பாபநாசத்துக்கு மேலே இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல் ஏற்பட்டது. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே போகாது. காட்டுக்குள் இஷ்டப்பட்ட இடத்தில் அடுப்பு மூட்டவோ கூடாரம் போடவோ முடியாது. காலையில் போய்விட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்குகிறார்களே என்று கேட்பீர்கள். அது திருவிழாவுக்கு, அதிகாரிகள் அறிவிக்கிற நாட்களுக்கு மட்டும். முதல் தடவை போகிறவர்கள் குழந்தைகளோடு அந்தக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அதனால் ஜாகையைக் காட்டுக்கு வெளியே வையுங்கள். முதல் ராத்திரி அம்பாசமுத்திரம் அல்லது விக்கிரமசிங்கபுரம், இரண்டாவது ராத்திரி குற்றாலம். குற்றாலத்தில் பார்க்கிங், கட்டணக் கழிப்பறை, உடை மாற்றும் இடம் எல்லாம் உண்டு. ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கழிப்பறை வாசலில் ஒரு தடவை நின்றவர்கள் அதை நம்பிக் கிளம்ப மாட்டார்கள். பெரியவர்கள் படுக்க ஒரு வாடகை வீடோ, தோப்பு வீடோ எடுத்துவிடுங்கள். இளவட்டங்கள் வேண்டுமானால் வண்டியில் படுக்கட்டும். டிரைவருக்கு மட்டும் கால் நீட்டிப் படுக்க இடம் கட்டாயம் வேண்டும். மறுநாள் மொத்தக் குடும்பமும் அவர் கையில்தான்.

வீட்டுக்காரரிடம் போனில் நாலு கேள்வி: கழிப்பறை எத்தனை? தண்ணீர் ராத்திரியும் வருமா? வாசலில் அடுப்பு வைக்க விடுவீர்களா? வேன் உள்ளே வருமா? அங்கே போனதும் சாமானை இறக்குவதற்கு முன்னால் குழாயை நீங்களே திறந்து பாருங்கள்.

4. சமையல்

முதல் நாள் காலைக்கு வீட்டிலிருந்தே இட்லி, மதியத்துக்குப் புளியோதரை. இரண்டையும் இலையில் கட்டிக்கொண்டால் செக்போஸ்ட்டில் தொந்தரவில்லை. ராத்திரிக்கு நம் ஊர்க் கூட்டாஞ்சோறு. ஒரே பாத்திரம், தனியாகக் குழம்பு வேண்டாம், பிள்ளைகளும் சாப்பிடும்.

அரிசியையும் துவரம்பருப்பையும் மூன்றுக்கு ஒன்று என்று அளந்து, ஒரே பொட்டலமாகக் கொண்டுபோங்கள். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காயை அங்கே போய் நறுக்கிக்கொள்ளலாம். தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்த மசாலாதான் தகராறு. காலையில் அரைத்துக்கொண்டு போனால் வண்டிச் சூட்டில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். தங்கும் வீட்டில் மிக்ஸி இருந்தால் சரி. இல்லையென்றால் வற்றலையும் சீரகத்தையும் வீட்டிலேயே பொடித்துக்கொள்ளுங்கள். தேங்காயையும் வெங்காயத்தையும் அங்கே துருவி, நறுக்கி, பொடியோடு சேர்த்தால் போதும்.

பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் அரிசி, காய், மஞ்சள்தூள், உப்பு. காய் வெந்த பிறகு புளிக்கரைசல். முன்னாலேயே ஊற்றினால் காய் விறைத்துப்போய் வேகாது. அப்புறம் மசாலா, ஒரு கை முருங்கைக்கீரை. கடைசியில் நல்லெண்ணெயில் வடகத்தைத் தாளித்துக் கொட்டுங்கள். குழைவாக இறக்குங்கள், ஆறினால் இறுகிவிடும்.

அடுப்பைத் திறந்த வெளியில் வையுங்கள். மழை வருகிறது என்று வேனுக்குள் பற்றவைக்கவே கூடாது. வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள்.

5. குளியல்

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஆசையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் போனால் மெயின் அருவியில்கூட நிம்மதியாக நிற்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் புலி அருவி போதும்.

கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இலை, சுள்ளி மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். துண்டை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். போலீஸ் விசில் ஊதினால் வாக்குவாதம் வேண்டாம்.

பாபநாசத்தில் ஆற்றில் குளித்துவிட்டுக் கட்டிய துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் இருக்கிறது. தாமிரபரணி அந்தத் துணிகளால் படுகிற பாடு போதும். உங்கள் துணி உங்கள் பையிலேயே வரட்டும். அதற்கென்று ஒரு பழைய வாளியை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

6. திரும்பும் நாள்

குப்பையை ஒரு சாக்கில் கட்டி, ஊருக்குள் தொட்டி பார்த்துப் போடுங்கள். தோப்பில் விட்டால் அரை மணி நேரத்தில் குரங்கு பிரித்து மேய்ந்துவிடும். தென்காசியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திருநெல்வேலி வந்துவிடலாம். வாடகைக் கணக்கை வீட்டு வாசலில் வைத்துப் பேசாதீர்கள், எல்லோரும் களைத்துப்போயிருப்பார்கள். ஆலங்குளத்தில் டீ குடிக்க நிறுத்தும்போதே கிலோமீட்டரைப் பார்த்து, டோல், பேட்டா எல்லாம் சேர்த்து டிரைவரோடு பேசி முடித்துவிடுங்கள்.