வயதானவர்கள் இருக்கும் லண்டன் வீட்டில் ஹீட்டிங் பில்லைக் குறைக்க

பில்லைப் பார்த்ததும் பலர் தெர்மோஸ்டாட்டை 16-க்கு இறக்கிவிடுகிறார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது ஆகாது. அவர்கள் உட்காரும் அறையும் படுக்கும் அறையும் 18 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. குளிரில் இரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சில் சளி கட்டும். முதலில் கைவைக்க வேண்டியது பாய்லரில்.

தனி சிலிண்டர் இல்லாமல் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் ஒன்றாகத் தருவது காம்பி பாய்லர். அதன் முகப்பில் இரண்டு குமிழோ பொத்தானோ இருக்கும். தண்ணீர்க் குழாய் படம் போட்டது குளிக்கிற நீருக்கு; அதை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் படம் போட்டதுதான் நமக்கு வேண்டியது. பெரும்பாலான வீடுகளில் அது 70, 80 டிகிரியிலேயே கிடக்கும். இப்போதுள்ள பாய்லர்கள் பெரும்பாலும் கண்டென்சிங் வகை; புகையோடு போகும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 80-ல் அனுப்பினால் திரும்பும் நீரும் கொதிப்பாகவே வரும், மிச்சச் சூடு புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும். 60-க்கு இறக்குங்கள். அறையின் சூடு மாறாது; அது தெர்மோஸ்டாட்டின் கையில் இருக்கிறது.

இறக்கிய மறுநாளே ரேடியேட்டரைத் தொட்டுப்பார்த்து "பாய்லர் பழுதாப் போச்சு" என்பார்கள். பழைய மாதிரி கை சுடாது, வீடு சூடாக நேரமும் கூடும். அதனால் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஹீட்டிங் தொடங்கும்படி டைமரை மாற்றுங்கள். உறைபனி வாரத்தில் அறை 18-ஐத் தொடாவிட்டால் 65-க்கு ஏற்றலாம். வெந்நீருக்குத் தனி சிலிண்டர் உள்ள வீடுகளில் இப்படி இறக்க வேண்டாம். சிலிண்டர் நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் லெஜியனெல்லா கிருமி வளரும்.

ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்து அடிப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, ஓரத்துச் சிறு திருகைச் சாவியால் இடப்பக்கம் அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். கீழே துணி பிடியுங்கள். 'உஸ்' சத்தம் நின்று நீர் கசிந்ததும் மூடிவிடலாம். பிறகு பாய்லரின் அழுத்தமானியைப் பாருங்கள்: ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்பும் குழாயைத் திறந்து ஏற்றுங்கள். அதை மூட மறந்தால் அழுத்தம் 3 பாரைத் தொட்டு, பாதுகாப்பு வால்வு வழியே நீர் வெளிச்சுவரில் ஒழுகும். ரேடியேட்டரின் அடிப்பகுதி குளிர்ந்து கிடந்தால் அது சேறு. ஆளைக் கூப்பிட வேண்டிய வேலை.

வெளியிலிருந்து குளிர்காற்று வீட்டுக்குள் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். காற்று வீசும் நாளில் கொளுத்தி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் சட்டம், கதவின் அடி, தபால் துவாரம் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். நேராக எழும் புகை படுத்துக்கொள்ளும் இடத்தில் பஞ்சுப் பட்டியோ பிரஷ் பட்டியோ ஒட்டுங்கள். காஸ் அடுப்போ காஸ் ஹீட்டரோ உள்ள அறையில் சுவரில் வைத்திருக்கும் காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

மின்சாரம் யூனிட்டுக்குக் காஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் தின்னும். 100 வாட் மின்போர்வை ஒரு யூனிட்டில் பத்து மணி நேரம் ஓடும். டிவி பார்க்கும்போது மடிமேல் போட்டுக்கொள்ளும் போர்வைதான் இதில் கெட்டிக்காரத்தனமான செலவு. மடித்து வைத்து ஓடவிடாதீர்கள், கருகல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். சர்க்கரை வியாதியால் கால் மரத்தவர்களுக்குச் சூடு உறைக்காது. மின்போர்வையானாலும் வெந்நீர்ப் பையானாலும் தோல் வெந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்குக் கம்பளிக் காலுறை போதும்.

உதவிப் பணத்தில் பலர் விட்டுவிடுவது பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த ஓய்வூதிய வயதினருக்கு அரசு தரும் தொகை. வாரத்துக்குச் சில பவுண்டே கிடைக்குமென்றாலும் விண்ணப்பியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதானவர்களுக்குக் கடுங்குளிர்க் கூடுதல் தொகைக்கு (கோல்ட் வெதர் பேமென்ட்) அதுவே வாசல். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, தொடர்ந்து 7 நாள் சராசரி வெப்பநிலை 0 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் ஒவ்வொரு தடவையும் 25 பவுண்ட் கணக்கில் விழும். தொலைபேசியில் கேட்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். பெற்றோரின் விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம், விசாவுக்கே ஆபத்து.