சொந்தக் கதையை நாவலாக்கப் போகிறீர்களா?

முதல் நாவல் எழுத உட்காருகிற பலரும் சொந்தக் கதையில்தான் கை வைப்பார்கள். தப்பே இல்லை, வேறு எந்தக் கதையும் நமக்கு அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்திருக்காது. சிக்கல் எப்போது வரும் என்றால், படித்துப் பார்த்த நண்பர் "இந்த இடம் ஒட்டவே இல்லையே" என்று சொல்லி, நீங்கள் "ஐயோ, இது அப்படியே நடந்ததுங்க" என்று பதில் சொல்லும்போது. அந்தப் பதிலை இப்போதே கைவிட்டுவிடுங்கள். நடந்தது என்பதற்காகவே ஒரு சம்பவத்துக்குச் சுயசரிதையில் இடம் கிடைத்துவிடும். நாவலில் அதற்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலில் அட்டையில் என்ன போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு விமர்சகர் பிலிப் லெஜூன் 1975இல் இதற்கு ஒரு எளிய கணக்கு சொன்னார்: எழுதியவர், கதைசொல்லி, கதையின் நாயகர் மூவருக்கும் ஒரே பெயர் என்றால் அது வாசகரோடு போட்டுக்கொண்ட சுயசரிதை ஒப்பந்தம். இரண்டே வருடத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் செர்ழ் துப்ரோவ்ஸ்கி தன் பெயரையே நாயகனுக்கு வைத்து, அதை நாவல் என்றும் சொல்லி, 'ஆட்டோஃபிக்‌ஷன்' என்று ஒரு பெயரும் சூட்டி அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டார். 'நான்' என்று எழுதினால் சுயசரிதை, 'அவன்' என்று எழுதினால் கதை என்பதும் சரிவராது. கண்ணதாசன் தன் சுயசரிதையான 'வனவாசம்' முழுக்கத் தன்னை 'அவன்' என்றுதான் சொல்கிறார், யாரும் அதை நாவல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆக உங்கள் கையில் இருப்பது நாயகனின் பெயரும் அட்டையில் உள்ள சொல்லும்தான். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃப்ரே தன் போதைக்கால அனுபவங்களை 2003இல் நினைவுக்குறிப்பாக வெளியிட்டார். சில மணிநேரம் போலீஸ் காவலில் இருந்ததை மூன்று மாதச் சிறைவாசமாக ஊதியிருந்தது 2006இல் வெளியே வந்ததும், பதிப்பாளர் வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் அளவுக்குப் போனது. நாவல் என்று போட்டிருந்தால் அந்த மூன்று மாதத்தை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அப்புறம், நடந்ததை நடந்தபடியே ஒரு நோட்டில் எழுதி முடியுங்கள். அது நாவல் இல்லை, நாவலுக்கான சரக்கு. இந்த வேலையைப் படிக்க எனக்குத் தெரிந்து சார்லஸ் டிக்கன்ஸை விட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் ஒரே அனுபவத்தை அவர் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார். 1824, அவருக்கு 12 வயது. அப்பா கடனுக்காக லண்டன் மார்ஷல்சீ சிறையில். பையனை தேம்ஸ் கரையில் எலி ஓடும் ஒரு ஷூ பாலிஷ் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். பாலிஷ் ஜாடியின் வாயில் எண்ணெய்த் தாள் வைத்து, அதன் மேல் நீலத் தாள் வைத்து, நூலால் கட்டி, விளிம்பை ஒட்ட நறுக்கி, லேபிள் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இதேதான். பிறகு அப்பா வெளியே வந்து, பையன் வேலைக்குப் போனது போதும் என்று நினைத்தபோது, திரும்ப அனுப்பியே ஆகணும் என்று நின்றவர் அம்மா. அதை டிக்கன்ஸ் மறக்கவே இல்லை. 1840களில் இதையெல்லாம் சுயசரிதையாக எழுத ஆரம்பித்து, பாதியில் விட்டு, 1849இல் தொடங்கிய 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலுக்குள் கொண்டுபோய் வைத்தார், சில வரிகளை கிட்டத்தட்ட அப்படியே.

ஆனால் என்னென்ன மாற்றினார் என்று பாருங்கள். ஷூ பாலிஷ், ஒயின் பாட்டில் ஆகிவிட்டது. லேபிள் ஒட்டும் வேலை மட்டும் அப்படியே. 12 வயது பத்தானது. டேவிட் பிறக்கும் முன்பே அப்பா இல்லை, அம்மாவும் இறந்துவிடுகிறார், வேலைக்குத் துரத்துவது மாற்றாந்தகப்பன். அப்படியானால் கடன்கார அப்பா எங்கே? அவர் டேவிட்டுக்குத் தன் வீட்டில் அறை வாடகைக்குக் கொடுக்கும் மிகாபராக வருகிறார். இதுதான் கைத்திறன். பையனுக்கு அப்பாவாக அவர் வந்திருந்தால் நமக்குக் கோபம்தான் வரும். வீட்டுக்காரராக வந்ததால் சிரிக்கிறோம், கடன்காரர்கள் கதவைத் தட்டும்போதும் அவரைப் பிடித்துப்போகிறது. உங்கள் வீட்டு ஆட்களையும் இப்படி இடம் மாற்றிப் பாருங்கள். அப்பாவின் குணத்தை வாத்தியாருக்குக் கொடுங்கள், அண்ணன் செய்த துரோகத்தை நாயகனையே செய்ய வையுங்கள் (இதைச் செய்யத்தான் கை வராது, செய்தால் நாவல் எழுந்து நிற்கும்). காயம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அதே நாவலில் டிக்கன்ஸ் சறுக்கிய இடமும் இருக்கிறது. மிஸ் மவுச்சர் என்று குள்ளமான ஒரு பெண் வருவார், அழகுக்கலை வேலை செய்பவர், ஆள் நல்லவரில்லை என்ற சாயலோடு. அந்தப் பகுதி வந்ததுமே, டிக்கன்ஸின் அக்கம்பக்கத்தில் கால் வைத்தியம் பார்த்துவந்த, அதே உடல்வாகுள்ள பெண்மணி மனம் உடைந்து கடிதம் எழுதினார். பெயரை மாற்றியவர் உயரத்தை மாற்றவில்லை. மாதத் தொடர் என்பதால் அவரால் திருத்த முடிந்தது: கெட்டவராக வைத்திருந்த திட்டத்தை விட்டுவிட்டு, அடுத்த முறை மவுச்சரை நல்லவராகக் கொண்டுவந்தார். நமக்கு அந்த வாய்ப்பு கிடையாது, அச்சானால் ஆனதுதான். அதனால் தெருக்காரர்கள் ஒருவரை எதை வைத்து அடையாளம் சொல்வார்களோ, அதை மாற்றுங்கள்: உயரம், தொழில், தழும்பு, எத்தனை பிள்ளைகள் என்பது. கடன் கேட்கும்போது குரல் எப்படி இறங்கும், சண்டையில் பழைய கணக்கை எப்படி இழுப்பார் என்பதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம், தன் குரல் இறங்குவது யாருக்கும் தெரியாது.

'இக்கதையில் வரும் யாவும் கற்பனையே' என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளை அடையாளம் காண முடிந்தால் அந்த வரி பெரிதாகக் காப்பாற்றாது. நம் குற்றவியல் அவதூறுச் சட்டத்தில் எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதியது என்றும் காட்ட வேண்டும். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதியில்லாமல் வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கத்தைத் தொட்டால் உண்மையே ஆனாலும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. கோர்ட் வரை போகாமலும் விலை கொடுக்க நேரலாம். பாமா தன் வாழ்க்கையை வைத்து எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தபோது ஊரார் கோபத்தில் அவரால் பல மாதம் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை.

எழுதி முடித்ததும் உங்கள் குடும்பத்தை அறவே தெரியாத ஒருவரிடம் முதலில் கொடுங்கள். அவர் "இது எதுக்கு?" என்று கேட்கும் பக்கங்கள் எல்லாம், நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் விட்டுவைத்தவையாக இருக்கும், தயங்காமல் வெட்டுங்கள். அடுத்து குடும்பத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர். அவரிடம் நல்லா இருக்கா என்று கேட்க வேண்டாம், யார் யாரென்று தெரிகிறதா என்று மட்டும் கேளுங்கள். புத்தகம் வந்தபிறகு அத்தை போன் போட்டு "அந்த வட்டிக்காரி நான்தானேடா?" என்பார். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். உண்மையில் அவரை வைத்து எழுதிய பாத்திரம் வேறொன்றாக இருக்கும், அதை வேறு யாரோ என்று நினைத்து அவரே அடுத்த வீட்டில் திட்டிக்கொண்டிருப்பார்.