நீர்–எண்ணெய் இடைமுக இழுவிசை: கருவி இல்லாமல் ஒரு மதிப்பீடு

நீரும் எண்ணெயும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் உள்ள இழுவிசையே இடைமுக இழுவிசை. எண்ணெய், ஹெக்சேன் போன்ற நிறைவுற்ற ஹைட்ரோகார்பன் என்றால் அதை மதிப்பிட ஃபோக்ஸ் சமன்பாடே போதும். இரு திரவங்களின் பரப்பு இழுவிசையைக் கூட்டுங்கள். நீரின் பரப்பு இழுவிசையில் சிதறல் விசையின் (எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள பலவீனமான ஈர்ப்பின்) பங்கான 21.8-ஐ எண்ணெயின் பரப்பு இழுவிசையால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதன் இருமடங்கைக் கழியுங்கள். 20 டிகிரி செல்சியஸில் நீருக்கு 72.8, ஹெக்சேனுக்கு 18.4 (எல்லாம் மீட்டருக்கு மில்லிநியூட்டனில்). விடை ஏறத்தாழ 51; அளவீடும் அதையே சொல்கிறது. இவ்வளவு எளிய கணக்கு இத்தனை துல்லியமாக அமைவது எனக்கு இன்றும் வியப்புதான்!

பென்சீனுக்கு இதே வழியில் போனால் 51 வரும். உண்மை மதிப்போ சுமார் 35. பென்சீனின் பை எலக்ட்ரான்கள் (அதன் வளையம் முழுதும் பரவியிருப்பவை) நீரோடு கொள்ளும் ஈர்ப்பு இந்தக் கணக்கில் இல்லை. இங்கே அன்டனோவ் விதி கைகொடுக்கும்: இரு பரப்பு இழுவிசைகளின் வேறுபாடே விடை. ஆனால் தூய திரவ மதிப்புகளைப் போட்டுவிடாதீர்கள், 44 என்று தவறாக வரும். ஒன்றில் மற்றொன்று கரைந்து தெவிட்டிய பிறகான மதிப்புகளையே எடுக்க வேண்டும். பென்சீன் தெவிட்டிய நீருக்கு சுமார் 62, நீர் தெவிட்டிய பென்சீனுக்கு சுமார் 29, வேறுபாடு 33.

ஆக்டனால் போன்ற ஆல்கஹால்களுக்கு ஃபோக்ஸ் கணக்கை நம்பவே வேண்டாம். அவற்றின் ஓஎச் தொகுதி நீரை நோக்கித் திரும்பி நிற்பதால் உண்மை மதிப்பு 8.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது.